சமவெளி வீட்டுக்குள் பெரணி: மண்ணுக்கு முன் காற்றைக் கவனிப்பது

திண்டுக்கல் சமவெளியில் பெரணி வளராது, அது மலைச் செடி என்ற பேச்சு வீடுகளிலும் நர்சரிகளிலும் உறுதியாக வேரூன்றியிருக்கிறது. கொடைக்கானலில் ‘ஃபெர்ன்’ என்று கேட்டு வாங்கிய தொட்டி மலைப்பாதை இறங்கி, வத்தலக்குண்டும் செம்பட்டியும் தாண்டி சித்தையன்கோட்டை வீட்டுக்கு வந்து, சித்திரை பிறப்பதற்குள் ஓலை ஓலையாகக் கருகுவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் இந்தப் பக்கத்து நெல்வயலில் தானாக முளைக்கும் ஆரைக்கீரை ஒரு பெரணி. மாட்டுத் தீவனத்துக்காகத் தொட்டியில் பெருக்கும் அசோலாவும் பெரணி. இரண்டும் தண்ணீரிலேயே கிடப்பவை, அவற்றைக் காட்டி வீட்டுச் செடிக்கு வாதாட முடியாது என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பு நியாயமானதுதான். அப்படியானால், இன்னும் தூர்ந்துபோகாத கல்கட்டுக் கிணறு ஒன்றை எட்டிப் பார்க்கலாம். நீர்மட்டத்துக்கு மேலே, கல்லும் கல்லும் சேரும் இடுக்குகளில், மெல்லிய கருங்காம்பும் விசிறிபோன்ற சிற்றிலைகளுமாகத் தொங்குவது அடியாண்டம் என்ற பெரணி. நர்சரியில் ‘மெய்டன்ஹேர்’ என்ற பெயரில் விற்கப்படுவதும், வீட்டுக்குள் வைத்தால் மிக விரைவில் காய்ந்துபோகும் என்று பெயர் வாங்கியதும் இந்தப் பேரினம்தான்.

கிணற்றுச் சுவரில் அதற்கு என்ன கிடைக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இந்த அத்தியாயத்தின் முழு வாதமும் அங்கே இருக்கிறது. மண் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. சுண்ணாம்புக் காரையும் கசிவு கொண்டுவந்து சேர்த்த வண்டலும் மட்டுமே. உரம் வைப்பாரில்லை, தண்ணீர் ஊற்றுவாரில்லை. அதே கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வெளிப்பக்கம் பெரும்பாலும் ஒரு பெரணிகூட நிற்பதில்லை. கல்லும் காரையும் ஒன்றேதான், ஊரும் பருவமும் ஒன்றேதான். கிணற்றின் உள்ளே கசிவோடு மூன்று நன்மைகள் சேர்ந்து அமைகின்றன: ஈரம் நிறைந்த காற்று, அந்தக் காற்று வீசாமல் தங்கி நிற்பது, நேர்வெயில் படாத வெளிச்சம். சமவெளி வீட்டில் பெரணி சாவதற்குப் பெரும்பாலும் வெப்பமும் மண்ணும் முதற்காரணமாக இருப்பதில்லை. வறண்ட காற்றே அதைக் கொல்கிறது. ஆகவே வளர்ப்பவர் தன் உழைப்பில் பெரும்பங்கைச் செடியைச் சூழ்ந்த காற்றுக்குச் செலவிட வேண்டும்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 36 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 42 கிராம் நீராவியைத் தாங்கும். 18 டிகிரியில் அதே காற்று 15 கிராமுக்குச் சற்று மேலே தாங்காது. கோடை மதியத்தில் சமவெளியில் ஈரப்பதம் 40 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், காற்றில் ஏற்கெனவே இருப்பது சுமார் 17 கிராம். அது இன்னும் இழுக்கக் காத்திருப்பது 25 கிராம். மலைமேல் 18 டிகிரியும் 80 விழுக்காடும் என்றால் இருப்பது 12 கிராம். இழுக்கக் காத்திருப்பது வெறும் 3 கிராம். சமவெளிக் காற்றில்தான் நீராவி அதிகம் இருக்கிறது. ஆனாலும் இலையிலிருந்து நீரை உறிஞ்சும் அதன் பசி மலைக்காற்றைப்போல் எட்டு மடங்கு. செடி உணர்வது இந்தப் பற்றாக்குறையைத்தான். கொடைக்கானலில் செழித்த தொட்டி இங்கே வந்ததும் அதே அளவு தண்ணீர் ஊற்றியும் கருகுவதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அப்படியானால் எட்டு மடங்கு தண்ணீர் ஊற்றினால் போயிற்று என்ற எண்ணம் உடனே வரும். பெரும்பாலான வீடுகளில் நடப்பதும் அதுதான். பெரணிகள் சாவதற்கு இரண்டாவது காரணமும் அதுதான். வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறும் பாதை பெரணிகளில் குறுகலானது. பூக்கும் செடிகளில் நீர்க்குழாய்கள் அகன்று நீண்டவை. பெரணிகளில், சில விலக்குகள் தவிர, அவை மெல்லிய நுண்குழல்கள். இலைத்துளைகளை மூடும் விதத்திலும் வேறுபாடு உண்டு. வறட்சி வந்தால் பூக்கும் செடியில் அப்சிசிக் அமிலம் என்ற இயக்குநீர் சுரந்து துளைகளை இறுக மூடச் சொல்கிறது. பெரணியின் துளைகள் அந்தக் கட்டளைக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை, இலையின் நீரளவு குறைந்தால் தாமாகத் தளர்ந்து மூடுகின்றன என்று டாஸ்மேனியாவைச் சேர்ந்த பிராட்ரிப், மக்ஆடம் இருவரும் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எல்லாப் பெரணிக்கும் இது பொருந்துமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. வளர்ப்பவருக்கு வேண்டிய செய்தி தெளிவு: காற்றின் இழுப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் வேரடியில் எவ்வளவு நீர் நின்றாலும் அது இலை நுனியை நேரத்தில் எட்டுவதில்லை. மேலே இலை காய்கிறது, கீழே மூச்சுவிட முடியாமல் வேர் அழுகுகிறது. காய்ந்த இலையைப் பார்த்து இன்னொரு செம்பு ஊற்றுவது அழுகலை விரைவுபடுத்தும். தொட்டியின் மேற்பரப்பில் விரல் நுனியை அழுத்தி, ஈரம் பட்டால் அன்று தண்ணீர் வேண்டாம். இலை என்ன சொன்னாலும் இந்தச் சோதனையை நம்புங்கள்.

அடுத்த மறுப்பு ஸ்பிரேயரைக் கையில் வைத்திருப்பவர்களிடமிருந்து வருகிறது: காலையும் மாலையும் இலைமேல் தெளித்தால் காற்று ஈரமாகாதா? பத்தடிக்குப் பன்னிரண்டு, உயரம் பத்தடி உள்ள ஓர் அறையில் இருக்கும் காற்று சுமார் 34 கன மீட்டர். அதை 36 டிகிரியில் 40 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காட்டுக்கு உயர்த்த 400 மில்லிக்கு மேல் தண்ணீர் ஆவியாக வேண்டும். சன்னல் திறந்திருக்கும் வீட்டில் அந்தக் காற்று மணிக்குப் பலமுறை மாறிவிடும். ஐந்து முறை என்று குறைத்துக் கணக்கிட்டாலும் மணிக்கு இரண்டு லிட்டர். கைத்தெளிப்பானை ஒருமுறை அழுத்தினால் வருவது ஏறத்தாழ ஒரு மில்லி. தெளித்த ஈரம் சில நிமிடத்தில் போய்விடுகிறது. ஆழ்குழாய் நீராக இருந்தால் சுண்ணாம்புப் புள்ளிகள் இலையில் தங்குகின்றன. மாலையில் தெளித்து இரவு முழுதும் நனைந்திருக்கும் இலையில் பூஞ்சணமும் பாக்டீரியக் கருகலும் பிடிக்கின்றன. தொட்டிக்குக் கீழே கூழாங்கல் தட்டில் நீர் வைக்கும் பழக்கம் இதைவிடக் கொஞ்சம் மேல், ஆனால் அதன் பயன் தட்டுக்கு ஒரு சாண் மேலே போவதற்குள் கரைந்துவிடும்.

ஆக, அறைக் காற்று முழுவதையும் மாற்ற முனைவது வீண் உழைப்பு. செடியைச் சுற்றியுள்ள காற்றின் அளவைச் சிறிதாக்குவதே வழி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட கண்ணாடி மீன்தொட்டி ஒன்றில் 85 லிட்டர் காற்று இருக்கிறது. முன் சொன்ன அதே ஈரத்தை அதில் ஏற்ற ஒரு கிராம் தண்ணீர் போதும். அடியில் இருக்கும் நனைந்த கலவையே அதைத் தந்துவிடும், மூடி இருந்தால் அது வெளியேயும் போகாது. இந்த உண்மையை உலகுக்கு முதலில் காட்டியதும் ஒரு பெரணிதான். லண்டனில் மருத்துவராக இருந்த நதானியல் வார்டு, நிலக்கரிப் புகையில் தன் தோட்டத்துப் பெரணிகள் பிழைக்காமல் தவித்தவர். 1829-ல், பூச்சிக் கூடு ஒன்று விரிவதைப் பார்க்க மூடிய கண்ணாடிப் புட்டியில் ஈர மண்ணோடு வைத்திருந்தபோது, அந்த மண்ணில் பெரணி முளைத்துத் தண்ணீர் ஊற்றாமலே வளர்வதைக் கண்டார். 1833-ல் அத்தகைய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் கப்பலேறி ஆஸ்திரேலியா போய் உயிரோடு சேர்ந்தன. திரும்பும் பயணத்தில் அங்கிருந்து பெரணிகள் வந்தன. 1842-ல் அவர் இதை நூலாக எழுதினார். அடுத்த பத்தாண்டுக்குள் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இமயமலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்ததும் இதே பெட்டியில். பல மாதக் கடற்பயணத்தைத் தாங்கிய ஏற்பாடு சித்தையன்கோட்டைக் கோடையையும் தாங்கும்.

கண்ணாடிப் பெட்டி இந்த வெயிலில் செடியை வேகவைத்துவிடும் என்ற அச்சம் சரியானது. அதற்காகப் பெட்டியையே கைவிடத் தேவையில்லை. நேர்வெயில் பத்து நிமிடம் பட்டாலும் மூடிய கண்ணாடிக்குள் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறும் என்பதால் வடக்குச் சன்னலை ஒட்டியோ, வெயில் எட்டாத சுவரோரமோ வைக்க வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறையைவிடத் தரைத்தளம் நல்லது. கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்றால், நண்பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற அளவு. அது கிடைக்காத அறையில் வெள்ளை எல்இடி குழல்விளக்கை ஒன்றரை அடி உயரத்தில் கட்டி நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் எரிய விடலாம். மூடியை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாய்த்து வைத்தால் கண்ணாடியில் நீர் வழிவதும் பூஞ்சணமும் குறையும். காலையில் கண்ணாடியின் மேல் ஓரத்தில் மட்டும் லேசாக வியர்த்திருந்தால் ஈரம் சரியான அளவில் இருக்கிறது. கொசுவைப் பற்றிய கவலை இதைவிடக் கனமானது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய சிறிதளவு நீரில் முட்டையிட்டு ஒரு வாரம், பத்து நாளில் பறந்துவிடும். கூழாங்கல் தட்டும் தொட்டித் தட்டும் அதற்கு ஏற்ற இடங்கள். பெட்டிக்குள் தேங்கும் நீரே இருக்கக்கூடாது. கலவை நனைந்திருந்தால் போதும். வெளியே தட்டு வைத்தே தீரவேண்டுமென்றால், நீர் மேலே தெரியாதபடி மணலால் விளிம்புவரை நிரப்புங்கள்.

கண்ணாடிக்குள் அடைத்த செடியை எல்லாருக்கும் பிடிக்காது. திறந்த தொட்டிதான் வேண்டும் என்பவர்கள் வீட்டுக்குள் கிணற்றுக்கு நெருக்கமான இடம் எது என்று தேட வேண்டும். சன்னல் உள்ள குளியலறை முதலிடம். பழைய வீடுகளில் முற்றத்தின் நிழல் பக்கம், பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டிய சுவர் ஆகியவை அடுத்து. பெரணிகளை ஒன்றோடொன்று இலை உரசும் நெருக்கத்தில் கூட்டமாக வைத்தால் ஒன்று விடும் ஈரம் மற்றொன்றுக்கு உதவும். சுட்ட, மெருகில்லா மண்தொட்டியை அதைவிடப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடையில் ஆற்றுமணல் நிரப்பி அதை நனைத்து வைத்தால், மண்பானை நீர் குளிர்வதுபோல வேரடி குளிர்ந்திருக்கும். மணல் விடும் ஈரம் கீழிலைகளைச் சுற்றி நிற்கும். சமவெளிக்கு இதைவிட மலிவான நல்ல ஏற்பாடு கிடையாது. மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் எந்தப் பெரணியும் வேண்டாம். இலையை ஒட்டி மெல்லிய ஈரக்காற்று உறை ஒன்று எப்போதும் நிற்கும். விசிறி அதைத் துடைத்துத் துடைத்து எடுத்துவிடும். இதே காரணத்தால் திண்டுக்கல் பக்கம் சித்திரை வெயிலைவிட ஆடிக் காற்று பெரணிக்குக் கொடியது. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வறண்டு, வேகமாக இந்தச் சமவெளியில் இறங்குகிறது. வெயில் தணிந்துவிட்டதே என்று ஆடியில் மேற்குச் சன்னலைத் திறந்துவைக்கும் வீட்டில் ஒரே வாரத்தில் செடி கருகும்.

ஏசி அறையில் பெரணி பிழைக்காது என்பதையும் கணக்குப் போட்டுத்தான் ஏற்க வேண்டும். 25 டிகிரியில் 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள ஏசி அறையின் பற்றாக்குறை சுமார் 11 கிராம். வெளியே 36 டிகிரியில் கண்ட 25 கிராமில் பாதிகூட இல்லை. எனவே ஏசி அறை, திறந்த கூடத்தைவிட மதியத்தில் நல்லதுதான். காற்று நேரே வந்து அடிக்கும் இடம்தான் கெடுதி. நீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலர் இன்னும் மேல். சூட்டையும் குறைத்து ஈரத்தையும் கூட்டுகிறது. அதன் நேர்வீச்சில் வைக்காமல், அது இயங்கும் அறையின் மூலையில் வைத்தால் போதும்.

எந்த இனத்தை வாங்குவது என்பதும் இதே அளவுகோலில் முடிவாகிறது. இலை மெல்லியதாக இருந்தால் காற்றுக்கு எளிதில் தோற்கும். அடியாண்டத்தை மூடிய பெட்டிக்கு மட்டும் வாங்குங்கள். இலை தடித்துத் தோல்போல் இருக்கும் பறவைக்கூட்டுப் பெரணி திறந்த கூடத்தையும் தாங்கும். அதன் நடுக்குழியில் நீர் ஊற்றித் தேங்க விட்டால் வீட்டின் காற்றோட்டமில்லா மூலையில் குருத்து அழுகும், ஆகவே ஓரத்தில் ஊற்ற வேண்டும். மான்கொம்புப் பெரணியைப் பலகையில் தென்னைமட்டை நாரோடு கட்டித் தொங்கவிடலாம். அடுத்து நர்சரிகளில் அதிகம் விற்கும் பாஸ்டன் ஃபெர்ன்: 1894-ல் பிலடெல்பியாவிலிருந்து பாஸ்டன் பக்கம் அனுப்பிய செடிகளுக்கிடையே தற்செயலாகக் கண்டெடுத்த, இலை வளைந்து தொங்கும் வகை. அழகில் அதற்கு ஈடில்லை, ஆனால் அதன் நெருங்கிய உறவான நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா இந்த ஊருக்கு அதைவிடப் பொருத்தம். வாங்கும்போது தொட்டியை லேசாகக் கவிழ்த்துப் பார்த்தால் வேர்களுக்கிடையே சுண்டைக்காய் அளவில் நீர் நிறைந்த உருண்டைகள் தெரியும். இரண்டொரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்துபோனாலும் அவைதான் காப்பாற்றும். சூப்புக்காகக் கொல்லிமலையில் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கும் ஒரு பெரணியின் தண்டுதான். அதை மரக்கட்டையில் கட்டி வளர்த்தால் கோடையில் இலை உதிர்ந்தாலும் தண்டு பிழைத்து மழைக்குத் துளிர்க்கும். ‘அஸ்பராகஸ் ஃபெர்ன்’ என்று பூச்செண்டுக்குச் சேர்க்கும் பஞ்சுபோன்ற செடி பெரணியே இல்லை. பூத்துக் காய்க்கும் அது தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. இந்த அத்தியாயத்தின் அறிவுரைகள் அதற்குப் பொருந்தா. ஒரு வேண்டுகோளும் உண்டு. சிறுமலைக் காட்டிலோ, 2013-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் காடுகளிலோ பெரணிகளைப் பிடுங்கி வராதீர்கள். அங்கிருந்து வருபவை பெரும்பாலும் இங்கே சாகும். மரப்பெரணிகள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை.

தண்ணீரின் தரத்தை இங்கே அலட்சியப்படுத்த முடியாது. பாறைப் பகுதி என்பதால் பல ஆழ்குழாய்களின் நீர் கடினமானது. காற்று இழுக்க இழுக்க நீர் போய் உப்பு மட்டும் தொட்டியில் தங்கும். விளிம்பில் வெள்ளைப் படிவும் இலை நுனியில் பழுப்பும் அதன் அடையாளம். ஐப்பசி, கார்த்திகையில் கூரைநீரைப் பிடித்து வையுங்கள். 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால் பல வீடுகளில் அதற்கான குழாய் இருக்கவே இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் நீரிலும் ஆர்ஓ குடிநீரிலும் உப்பு மிகக் குறைவு. ஆர்ஓ கழிவுநீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும், அதைச் சிக்கனம் என்று பெரணிக்கு ஊற்ற வேண்டாம். கலவைக்குத் தனிச் செம்மண் கனமானது. மட்கிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, இலைமட்கு ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி அடுப்புக்கரி. நார்க்கழிவை மட்கவைக்காமல் பச்சையாகப் போட்டால் அதன் உப்பும் டானினும் வேரைச் சுடும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் இட்டு மட்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கடைக் கட்டியாக வாங்கினால் ஊறவைத்து, பிழிந்த நீர் தெளியும்வரை அலசிக்கொள்ள வேண்டும். கரையும் உரம் லிட்டருக்கு அரை கிராம், மாதம் ஒருமுறை, அதுவும் ஐப்பசி முதல் மாசி வரை மட்டும்.

காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி விற்கப்படுவதால் பெரணி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 1989-ல் நாசாவுக்காக வால்வர்டன் செய்த சோதனைகள் அந்தப் பேச்சுக்கு மூலம். அவை அடைத்த சிறு கூண்டுகளில் நடந்தவை. காற்று மாறிக்கொண்டே இருக்கும் வீட்டில் சன்னல் செய்யும் வேலையைச் செடி செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்று கம்மிங்ஸ், வேரிங் இருவரின் 2019-ஆம் ஆண்டு மறுஆய்வு காட்டியது. தெளிப்பானைத் தோற்கடித்த அதே கணக்குத்தான். பெரணியை அதன் அழகுக்காக வளர்ப்பதே நேர்மையான காரணம்.

வாங்குவதும், பிரித்து நடுவதும், தொட்டி மாற்றுவதும் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு நடக்கட்டும். அறுபட்ட வேர் ஆறும்வரை காற்றின் இழுப்பு குறைந்திருக்கும் காலம் அது. இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் பூச்சி என்று சுரண்டி எடுக்காதீர்கள். அவை வித்துப் பொட்டுகள், செடி முதிர்ந்து நலமாக இருப்பதன் அடையாளம். செதில் பூச்சியாக இருந்தால் ஒழுங்கின்றிக் காம்பிலும் நடுநரம்பிலும் ஒட்டியிருக்கும், நகத்தால் தள்ளினால் பெயரும், இலை பிசுபிசுக்கும். அந்த இலையை வெட்டி எறிவது மருந்தைவிட நல்லது, ஏனென்றால் பெரணி இலை எண்ணெய்க் கரைசலைச் சரியாகத் தாங்குவதில்லை. வேப்பெண்ணெய் தெளிக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து நான்கு நாள் பாருங்கள். எவ்வளவு கவனித்தும் ஒரு கோடையில் செடி முழுதும் கருகலாம். அப்போது எல்லா இலைகளையும் அடியோடு நறுக்கிவிட்டு, தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாகவும் உள்ளே பச்சையாகவோ வெளிறியோ இருந்தால் உயிர் இருக்கிறது: தொட்டியைக் குளியலறை நிழலுக்கு மாற்றி, கலவை காயாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் சுருண்ட குருத்துகள் எழும். கொழகொழத்துப் போயிருந்தால் செடியையும் கலவையையும் குப்பையில் சேர்த்துவிட்டு, தொட்டியை வெயிலில் காயவைத்து, ஐப்பசி வரை பொறுத்து வேறு செடி வாங்குங்கள்.